சான்ஸ் மோனோஸ்பேஸில் சில எழுத்துக்கு மட்டும் ஏன் செரிஃப்?

மாசிவீதி (கேள்வி):
மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளுக்கு பில் போட ஒரு எழுத்துரு வரைந்துகொண்டிருக்கிறேன். 58 மி.மீ. தெர்மல் (சூட்டால் அச்சாகும்) பேப்பர், அகலத்தில் 384 புள்ளி, வரிக்கு 32 எழுத்து. எம் அளவு (எழுத்து வரையும் கட்டத்தின் உயரம்) 1000 யூனிட், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் 600 (அதுதான் மோனோஸ்பேஸ்), தண்டின், அதாவது நேர்குச்சியின், தடிமன் 80. முழுக்க சான்ஸ், அதாவது எழுத்து முனையில் செரிஃப் என்னும் கால் இல்லாத வகை. சுங்குடி சரக்குக் குறியீடுகளில் எண் 1, சின்ன எல் (l), பெரிய ஐ (I) மூன்றும் ஒரே குச்சியாகத் தெரிகின்றன. சின்ன எல் இரண்டு சேர்ந்து வந்தால் நடுவில் பெரிய ஓட்டை. கால் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். வைத்தால் அது சான்ஸ்தானா? எதெதற்கு, எவ்வளவு நீளம்? தமிழையும் இதே 600-க்குள் அடைக்கலாமா?

வைகைமேடு:
சான்ஸ்தான், சந்தேகமே வேண்டாம். கன்சோலாஸ் என்ற எழுத்துருவின் பானோஸ் எண்களை (எழுத்துருவின் வகையைச் சொல்லும் எண் வரிசை) பாருங்கள்: இரண்டாவது 11, அதாவது சாதாரண சான்ஸ், நான்காவது 9, அதாவது மோனோஸ்பேஸ். அதிலேயே சின்ன ஐ (i), சின்ன எல் இரண்டுக்கும் கால் இருக்கிறது. மோனோவே இல்லாத வெர்டானா எழுத்துருவில்கூட பெரிய ஐக்கு மேலும் கீழும் பட்டை உண்டு.

ஓட்டை ஏன் விழுகிறது என்பது வெறும் கணக்கு. 600 கட்டத்தில் 80 தண்டு நின்றால் இருபக்கமும் 260 காலி. இரண்டு எல் சேர்ந்தால் இடைவெளி 520. உங்கள் சின்ன என் (n) எழுத்தின் வயிறு, அதாவது உள்ளே உள்ள காலி இடம், 290 வாக்கில்தான் இருக்கும். சொல் அங்கே உடைந்துவிடுகிறது. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் செரிஃப், அழகுக்காக அல்ல. அதனால்தான் எல்லா எழுத்துக்கும் வைப்பதில்லை. சின்ன எம்மில் (m) மூன்று தண்டு நின்ற பிறகு கால் நீட்ட இடமேது?

சின்ன ஐ: மேலே இடப்பக்கம் ஒரு கொடி (நீட்டிய சிறு கோடு), கீழே இருபுறமும் பட்டை. சின்ன எல்: மேலே அதே கொடி, கீழே வலப்பக்கம் வளைந்த வால் மட்டும். எண் 1: சரிவான கொடி, தட்டையான அடி. பெரிய ஐ: மேலும் கீழும் பட்டை. இப்போது அடிப்பகுதியைப் பார்த்தாலே அது எல் எழுத்தா, எண் 1-ஆ என்று தெரிந்துவிடும். சின்ன ஆர் (r) அவரவர் ருசிக்கு விட்டது. ஃபிரா கோட் என்ற மோனோ எழுத்துருவில் கால் வைத்திருக்கிறார்கள். வேண்டாதவர்களுக்குக் கால் இல்லாத ஆரும் ஸ்டைலிஸ்டிக் செட் (மாற்று வடிவத் தொகுப்பு) 1-இல் உண்டு.

மாசிவீதி:
நன்றிண்ணே. கீழ்ப் பட்டையை 500 அகலத்துக்கு இழுத்துப் பார்த்தேன். ஐ இரண்டு சேர்ந்தால் அடிக்கோடு போட்டமாதிரி இருக்கிறது. தண்டும் ஒரு இடத்தில் ஒல்லி, ஒரு இடத்தில் தடி.

புள்ளிக்கணக்கு:
இரண்டும் புள்ளிக் கணக்கில் வரும் கோளாறு. 384-ஐ 32-ஆல் வகுத்தால் எழுத்துக்கு 12 புள்ளி. அதாவது 600 யூனிட் = 12 புள்ளி, ஒரு புள்ளி 50 யூனிட். உங்கள் 80 தண்டு 1.6 புள்ளி, அது விழும் இடத்தைப் பொறுத்து 1 ஆகவோ 2 ஆகவோ உருளும். தண்டை 100 ஆக்குங்கள். அப்போது ஐயில் காலி 5, தண்டு 2, காலி 5. சின்ன எம் இன்னும் கச்சிதம்: மூன்று தண்டுக்கு 6, இரண்டு இடைவெளிக்கு 4, ஓரத்துக்கு ஒவ்வொன்று, மொத்தம் 12.

பட்டை 500 என்றால் 10 புள்ளி. பக்கத்து எழுத்தின் பட்டைக்கும் இதற்கும் நடுவே 2 புள்ளிதான், கால் மில்லிமீட்டர். சூடு கொஞ்சம் கூடினால் ஒட்டிக்கொள்ளும். 400 ஆகக் குறையுங்கள், இடைவெளி 4 புள்ளி கிடைக்கும். கனம் 2 புள்ளி. திரைக்கான எழுத்துரு என்றால் பட்டையைத் தண்டைவிடச் சற்று மெலிதாக வரையலாம். இங்கே மெலிந்தால் 1 புள்ளி ஆகி மங்கிப்போகும்.

சின்ன எழுத்தின் உயரம் 500, கொடியின் மேல்விளிம்பும் அதே 500. வளைவுகளுக்குக் கொடுத்த 10 யூனிட் ஓவர்ஷூட்டை (வளைவு கோட்டைத் தாண்டிச் சற்று நீள்வதை) எடுத்துவிடுங்கள். இந்த அளவில் அது காணாமல் போகும், இல்லையென்றால் முழுப் புள்ளியாகத் துருத்தும். ஆன்டி-அலியாசிங்கை (ஓரங்களைச் சாம்பல் நிறத்தில் மழுப்புவதை) அணைத்துவிட்டு சரியாக 20 பிக்சலில் படமாக்குங்கள், 1000 யூனிட் என்பது 20 புள்ளிதான். 21 வைத்தால் எல்லாம் போச்சு.

வைகைமேடு:
தமிழ்க் கேள்விக்கு: 600-க்குள் அடைக்க வேண்டாம். ண, ஞ நசுங்கும், ட, ப தனியாக நிற்கும். ஆங்கிலத்தில் செய்ததுபோல் கால் வைத்து இடத்தை நிரப்பவும் வழியில்லை. துணைக்காலுக்கு இன்னொரு கால் வைத்தால் அது ர ஆகிவிடும்! ண, ஞவுக்கு இரண்டு கட்டம், 1200, என்பது ஒரு வழி. ஆனால் டெர்மினல் (கணினியின் கட்டளைத் திரை) அதை ஒரு கட்டமாகவே எண்ணும், அடுத்த எழுத்தின் மேலே ஏறி விழும்.

பில்லில் வேறு சுலபம் இருக்கிறது. எப்படியும் தமிழைப் படமாகத்தான் பிரிண்டருக்கு அனுப்புவீர்கள். சரக்குப் பெயருக்கு 192 புள்ளி ஒதுக்கி சாதாரண தமிழ் எழுத்துருவில் இடப்பக்கம் ஒட்டி அச்சிடுங்கள். மீதி 16 கட்டத்தில் எண்ணிக்கை 4, விலை 5, தொகை 7, உங்கள் மோனோவில் வலப்பக்கம் ஒட்டி. பெயர் நீளத்தைப் புள்ளியில் அளந்துகொள்ளுங்கள். யூனிகோடில் (கணினிக் குறிகளாக) எண்ணினால் 'சுங்குடி' 8, கண்ணுக்கு 4 எழுத்து. அந்த 8-ஐ நம்பி இடைவெளி விட்டால் தொகைப் பத்தி கோணிப்போகும்.