சால்டரிங் அயர்ன்: டி12 ஸ்டேஷனா, பைன்சிலா?

வணக்கம். ஆம்ப்ளிஃபயர், எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) போர்டு பழுது பார்க்க நல்ல அயர்ன் ஒன்று வாங்க வேண்டும்; ஆலோசனை சொல்லுங்கள்.

கையில் இருப்பது சாதாரண 25 வாட். ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் கால்களுக்கு அதுவே போதும். கிரவுண்டில் சேர்ந்த கபாசிட்டர் காலில் வைத்தால்தான் திண்டாட்டம்: அகலமான செப்புப் பரப்பு சூட்டை இழுத்துக்கொள்ள, ஈயம் களியாக நிற்கிறது, அழுத்தினால் பேட் (கால் பற்றும் செப்புத் திட்டு) உரிந்து வருகிறது. 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம்) 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஆக, தேவை உச்ச வெப்பநிலை அல்ல, இழந்த சூட்டைப் பிட் (அயர்னின் முனை) சட்டென்று மீட்கும் திறன்.

அதனால் 936 வகை ஸ்டேஷன் (வெப்பநிலை கட்டுப்படுத்தும் பெட்டியோடு வரும் அயர்ன்) வேண்டாம் என்று நினைக்கிறேன். ஹீட்டர் மேல் பிட்டை உறைபோல மாட்டுவதால் நடுவில் காற்று இடைவெளி; சூடு மெதுவாகத்தான் பிட்டுக்கு வரும். மிச்சம் இருப்பவை 24 வோல்ட் டி12 ஸ்டேஷனும், யுஎஸ்பி-சி சார்ஜரில் ஓடும் பேனா போன்ற அயர்னான பைன்சிலும். இரண்டிலும் ஹீட்டர், சென்சார் எல்லாம் பிட்டுக்குள்ளேயே.

பைன்சில் வைத்திருப்பவர்களுக்கு: எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜரில் ஒய்-கபாசிட்டர் (மெயின்ஸ் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைப்பது) வழியாகக் கசிவு பிட் வரை வருமே, மாஸ்ஃபெட் (இப்படிப்பட்ட கசிவில் கெடக்கூடிய டிரான்சிஸ்டர்) மாற்றும்போது எர்த் எப்படிக் கொடுக்கிறீர்கள்? 65 வாட் சார்ஜரில் தடிமனான கிரவுண்ட் கால் உருகுகிறதா?

டி12 வைத்திருப்பவர்கள், பிளக்கின் எர்த் முள்ளுக்கும் பிட் முனைக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து எத்தனை ஓம் என்று சொல்ல முடியுமா? சில மலிவு ஸ்டேஷன்களில் அந்த எர்த் ஒயரையே விட்டுவிடுகிறார்கள்.

நான் வாங்க நினைக்கும் பிட் 2.4 மி.மீ. உளி முனைதான்; ஊசி முனையில் தொடும் பரப்பே கிடையாது. எஸ்எம்டி (துளையில்லாமல் போர்டின் மேலேயே பற்றவைக்கும்) ஐசிக்குக் கத்தி பிட்டும் தனியாக வேண்டுமா, இதுவே சமாளிக்குமா?