பழைய சிஸ்டத்தில் லினக்ஸ் போட்டவர்கள் வாங்க: வேலூர் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி அப்பா:

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சு. டெஸ்க்டாப் நாலாவது தலைமுறை ஐ3, ரேம் 4 ஜிபி. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இரண்டும் இல்லை. பழுது பார்க்கும் கடையில் காட்டினேன். "இன்னா சார், இன்னும் இத வச்சிகினு கீறீங்க? எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டு புச்சா எடுத்துக்குங்க" என்றார். அவர் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலைக்கு ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கித் தின்னலாம், அவ்வளவுதான்.

நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். லினக்ஸ் என்பது இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம், அதில் ஒரு வகைதான் மின்ட். பதிப்பு 22, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பைசா கேட்கவில்லை.

வேகம் எப்படி என்று எல்லோரும் கேட்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே சமயத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டினேன். முன்பெல்லாம் பட்டனை அழுத்திவிட்டுக் காபி போடப் போவேன், இப்போது அதற்கு நேரமில்லை. இந்த வேகத்தில் பெரும் பங்கு எஸ்எஸ்டிக்குத்தான். லினக்ஸ் போட்டதும் சிஸ்டம் பறக்கிறது என்று வீடியோ போடுகிறவர்கள் பல பேர் இதை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். லினக்ஸின் பங்கு வேறு இடத்தில் தெரிகிறது. சும்மா விட்டால் சும்மாவே இருக்கிறது. பின்னணியில் எதையும் அலசிக்கொண்டிருப்பதில்லை, ஃபேன் கத்துவதில்லை. நம்ம ஊர் கத்திரி வெயிலில் அது சின்ன விஷயமில்லை.

தகராறு செய்தது வைஃபை. டெஸ்க்டாப்பில் கட்டை விரல் நகம் அளவு ஒரு யுஎஸ்பி டாங்கிள் செருகியிருந்தோம். மின்ட் அதை வைஃபை என்றே ஒத்துக்கொள்ளவில்லை, டெஸ்க்டாப்பில் சிடி டிரைவ் மாதிரி ஒரு படம் காட்டியது. விஷயம் இதுதான்: இந்த மாதிரி சில டாங்கிள்கள் விண்டோஸ் டிரைவரைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும், செருகியதும் முதலில் ஒரு சிடியாகத்தான் அறிமுகம் செய்துகொள்ளும். அந்தப் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுத்தேன். சிடி மறைந்தது, கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாமல் இருக்க ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது, அதைத் தேடிப் போட்டுக்கொண்டேன். அதுவரை ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் ஓட்டினேன். போன் வழியாக வரும் இணையத்தை லினக்ஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் போடப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் டேட்டா கேபிளை மறக்காதீர்கள்.

வீட்டில் யார் யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால், மனைவிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பிரவுசர். கரண்ட் பில், பேங்க், டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள், முடிந்தது. எங்கப்பாதான், "டி டிரைவ் எங்கடா போச்சு? என் பத்திரமெல்லாம் அதுல இருந்ததே" என்று பதறினார். லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகளே கிடையாது. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். அவருடைய ஃபோல்டரை ஹோமில் வைத்து, முகப்பில் ஒரு குறுக்குவழி போட்டு, அதற்கு 'டி டிரைவ்' என்றே பெயரும் வைத்துவிட்டேன். அதோடு சமாதானம்.

பிரிண்டர் மட்டும் இன்னும் மல்லுக்கு நிற்கிறது. பழைய கறுப்பு வெள்ளை லேசர். யாராவது இதில் கரையேறியிருந்தால் சொல்லுங்கள். மற்றபடி உங்கள் கதையையும் எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ.

குடியாத்தம் கணக்கு:

சத்துவாச்சாரி அண்ணா, நான் பாதிக் கரையில் நிற்பவன். லுங்கி வியாபாரிகள் சிலருக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்குத்தான் எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் 'ஒயின்' என்ற கருவி வழியாக ஓட்டலாம் என்பார்கள். ஓடினாலும், ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நேரத்தில் அது மக்கர் செய்தால் பார்ட்டியிடம் என்ன பதில் சொல்வது? டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கனும் அப்படித்தான். சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் பிரவுசரோடு ஒட்டவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் தொழில் விண்டோஸில், வீடு லினக்ஸில். ஒரே லேப்டாப்பில் இரண்டும்.

அப்படி இரண்டு வைப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. லினக்ஸில் வேலை முடித்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் சாயங்காலம் நாலு மணிக்குக் கடிகாரம் காலை பத்தரை காட்டும். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். பேட்டரி போய்விட்டது என்று கடைக்காரர் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார், அப்புறமும் அதே பத்தரை. காரணம் என்னவென்றால், மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கிறது. உலகப் பொது நேரம் இருக்க வேண்டும் என்று லினக்ஸ் நினைக்கிறது. இந்தியாவுக்கும் அதற்கும் இடைவெளி ஐந்தரை மணி. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லாமல் விட்டால், விடியற்காலை நாலு மணிக்குக் கணக்கு எழுத உட்காருகிற என் மாதிரி ஆளுக்குத் தேதியே முந்தின நாளாகத் தெரியும்.

இன்னொன்று. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது, அதை முதலில் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் அதன் டிரைவை லினக்ஸ் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.

வாலாஜா தட்டச்சு:

நான் ஓய்வு பெற்றவன். தமிழ் தட்டச்சு ஹையர் முடித்தவன், டைப்ரைட்டரில் ஓடிய விரல்கள் இவை. இந்த வயதில் தமிழ்99 கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அரசு 1999-லேயே ஏற்றுக்கொண்ட விசைப்பலகை, நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் விரல் கேட்க வேண்டுமே.

பேரன் உபுண்டு போட்டுக் கொடுத்தபோது எனக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழுக்கே பல விசைப்பலகைகள் வரிசையாக வருகின்றன: தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலியியல், கூடவே பழைய டைப்ரைட்டர் முறை. விசைகள் பழைய இடத்தில், வரும் எழுத்தோ எந்தக் கருவியிலும் தெரியும் யூனிகோட். முதல் பக்கம் அடித்து முடித்ததும் பேரனுக்கு வாட்ஸ்அப் வெப்பில் அனுப்பினேன், எழுத்து கொஞ்சமும் சிதறாமல் போய்ச் சேர்ந்தது. முன்பு நான் அடித்ததை அனுப்பினால் எதிர்ப்பக்கம் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

பழைய ஃபைல்கள்தான் தலைவலி. எத்தனையோ வருடத்துப் பத்திர நகல்கள், எல்லாம் பாமினியிலும் வானவில்லிலும் அடித்தவை. அந்த எழுத்துருக்களின் டிடிஎஃப் கோப்புகளை ஹோமில் எழுத்துருவுக்கான ஃபோல்டரில் போட்டால் லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் பார்க்கவும் அச்சடிக்கவும் முடிகிறது. தேடத்தான் முடியாது. 'கிரயம்' என்று யூனிகோடில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது உண்மையில் தமிழே இல்லை, தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எழுத்து. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றுகளையும் ர, ா குழப்பத்தையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்வே எண்களை இரண்டு முறை.

ஆம்பூர் பாய்:

எல்லோரும் நல்லதே எழுதுகிறீர்கள், நான் திரும்பிப் போனவன், என்னையும் கேளுங்கள்.

ஷூ அப்பர் பேட்டர்ன் வேலை எனக்கு. கட்டிங்குக்கு அனுப்பும் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான், அதற்கு ஒரு யுஎஸ்பி பூட்டு வேறு. லினக்ஸுக்குள்ளேயே வர்ச்சுவல் பாக்ஸ் என்ற மென்பொருளில் விண்டோஸை ஓட்டிப் பார்த்தேன். 8 ஜிபி ரேமை இரண்டு பேருக்கும் பங்கு போட்டதில் இரண்டு பேரும் நொண்டினார்கள். கோரல் டிராவில் வரும் டிசைனை லினக்ஸில் இருக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் சில கோடுகள் இடம் மாறின. ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் தோல் வீண், தோல் விலை உங்களுக்குத் தெரியும். அதனால் கம்பெனி வேலைக்கு விண்டோஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன், அதில் வருத்தமும் இல்லை.

பிள்ளைகளின் பழைய லேப்டாப்பில் மட்டும் மின்ட் இருக்கிறது. படம் வரைய டக்ஸ் பெயின்டும், விளையாட்டாகப் படிக்க ஜீகாம்பிரிஸும் போட்டுக் கொடுத்தேன். சின்னவள் நாள் முழுக்க அதில்தான். பாஸ்வேர்ட் இல்லாமல் புதிதாக எதையும் சிஸ்டத்தில் ஏற்ற முடியாது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பெரியவனுக்குப் பிடிக்காத விஷயம்.

ஆரணி டீச்சர்:

பாய் சொல்வது நியாயம். வேலைக்கு எது தேவையோ அதுதான் வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. பிளஸ் ஒன் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது, கணினிப் பயன்பாடு எடுத்த பிள்ளைகளுக்கு ஓபன் ஆஃபிஸ் ரைட்டர் பாடமே இருக்கிறது. இருந்தும் பெற்றோர் வந்து, "லினக்ஸ் எல்லாம் எதுக்கு மேடம், காலேஜ் போனா பாத்துக்கலாம்" என்பார்கள். 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸ் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸ் வழி வந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பல பிள்ளைகள் அந்தத் திரையில் இரண்டாவது வரியை அழுத்திக்கூடப் பார்த்ததில்லை. படம் ஏற்றக் கடைக்குக் கொண்டு போனால், "இடம் அடைச்சிகினு கீது" என்று அதைத் துடைத்துத் தருவார்கள்.

சத்துவாச்சாரி அண்ணா, உங்கள் வீட்டில் பிள்ளை யாராவது கணினி அறிவியல் எடுத்தால் இந்த மின்ட் வசதிதான். நிரல் மொழியாகப் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான். பைத்தான் அதில் ஏற்கெனவே இருக்கிறது, சி++ நிரலை ஓட்டத் தேவையான கம்பைலரை ஒரு கட்டளையில் ஏற்றிக்கொள்ளலாம். வகுப்பில் பாதி நேரம் பிள்ளைகளின் வீட்டு சிஸ்டத்தில் கம்பைலர் ஏன் ஏறவில்லை என்று பார்ப்பதிலேயே எனக்குப் போகிறது.

காட்பாடி ஹாஸ்டல்:

அண்ணன்களே, அக்கா, எல்லாம் படித்தேன். என் அனுபவம் மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்த அனுபவம்தான். ஹாஸ்டலில் யார் லேப்டாப் படுத்தாலும் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள்.

நான் யாருக்கும் முதல் நாளே இன்ஸ்டால் செய்ய மாட்டேன். 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற கருவியால் ஏற்றிக் கொடுத்துவிடுவேன். ஐஎஸ்ஓ சுமார் 3 ஜிபி, இறக்கியதும், ஃபைல் முழுதாக வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள், பாதியில் அறுந்த ஃபைலோடு மாரடிக்க வேண்டாம். ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9, சில கம்பெனியில் எஸ்கேப், அதை அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. அந்த நிலையிலேயே வைஃபை, சவுண்ட், கேமரா, பிரிண்டர், தமிழ் எழுத்து எல்லாம் பார்த்துவிடலாம். கொஞ்சம் மெதுவாக இருக்கும், பென் டிரைவின் வேகம் அவ்வளவுதான்.

திருப்தி என்றால் டேட்டாவை வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு இன்ஸ்டால். அதில் ஒரு திரை வரும், 'டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு தேர்வு, 'விண்டோஸ் பக்கத்தில் நிறுவு' என்று இன்னொன்று. அந்தத் திரையில் மட்டும் போன் வந்தாலும் எடுக்காதீர்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிறகு அது கேட்கும்போது கையைப் பிசைய வேண்டியதுதான்.

தமிழில் படிக்க வேண்டும் என்றால் கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது, 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதுகிறார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவிலும் விழுப்புரம் குழுவிலும் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள். தமிழிலேயே கேட்கலாம்.

சத்துவாச்சாரி அண்ணா, பிரிண்டர் விஷயம். எச்பி என்றால் ஹெச்பிலிப் என்று அவர்களே கொடுக்கும் டிரைவர் இருக்கிறது, பெரும்பாலும் தானாகவே பிடித்துக்கொள்ளும். சமீபத்திய வைஃபை பிரிண்டர்கள் பலவற்றுக்கு டிரைவரே தேவையில்லை. சிக்கல் உங்களுடையது போன்ற பழைய லேசரில்தான். பக்கத்தை வரைந்து தரும் வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிடும் ரகம் அது, கம்பெனியின் சொந்த டிரைவர் இல்லாமல் அசையாது. மாடல் நம்பரைச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி அப்பா:

தம்பி, மாடல் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். கம்பெனி லினக்ஸ் டிரைவர் கொடுத்திருக்கிறது, இறக்கியும் வைத்திருக்கிறேன், போட்டால் பிரிண்டர் பெயர் தெரிகிறது, பேப்பர்தான் வரவில்லை. பென் டிரைவிலேயே பிரிண்டரையும் பார்த்துவிடலாம் என்று நீங்கள் எழுதியதைப் புதிதாக வருகிறவர்கள் கவனியுங்கள். அதுவரை என் மனைவி வினாத்தாளைப் பிடிஎஃப் ஆக்கி முனைக்கடை ஜெராக்ஸில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

காட்பாடி ஹாஸ்டல்:

பார்த்துவிட்டேன் அண்ணா. அந்த மாடலுக்கு டிரைவரோடு பின்னணியில் ஒரு சேவையும் ஓட வேண்டும், அது தானாக ஆரம்பிக்கவில்லை, அதனால்தான் பெயர் மட்டும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கிரீன் சர்க்கிள் பக்கம் வருகிறேன், லேப்டாப்போடு வந்து பார்த்துத் தருகிறேன். பிரிண்டர் கேபிளை மட்டும் கழற்றாமல் வையுங்கள்.