மயோர்க்கா மலைச்சாலையில் மிதிவண்டிப் பயணம்: சா கலோப்ராவைச் சேர்க்கலாமா?

கேள்வி
வணக்கம். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், திரமுந்தானா மலைத்தொடரின் வழியே ஆந்த்ராட்சிலிருந்து பொயென்சா வரை செல்லும் எம்.ஏ.-10 சாலையை, பைகளைச் சுமந்துகொண்டு மூன்று நாட்களில் கடக்க எண்ணியுள்ளேன். இது என் நெடுநாள் கனவு. அதிலிருந்து பிரிந்து, சா கலோப்ரா என்ற கடலோரச் சிற்றூருக்கு இறங்கும் சாலையையும் சேர்க்கலாமா? எந்த மாதம் ஏற்றது?

மறுமொழி 1
அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஆனால் அதற்கென ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள். கணவாயிலிருந்து ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் இறங்கும் அந்தக் கிளைச்சாலை கடலோரத்தில் முடிந்துவிடுவதால், இறங்கிய தொலைவு முழுவதையும், சராசரியாக 7 விழுக்காடு சரிவில், 682 மீட்டர் உயரத்திலுள்ள கணவாய் வரை மீண்டும் ஏறியே ஆக வேண்டும். பைகளைத் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டு, வாகனங்கள் பெருகுமுன் காலையிலேயே புறப்படுங்கள். சாலை தன்மேலேயே வளைந்து, தன் அடியில் நுழைந்து செல்லும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். 1930களில் அதை வடிவமைத்த பொறியாளர் பரியெத்தியின் திறமை அங்கே புரியும்.

மறுமொழி 2
ஏப்ரல், மே மாதங்களே என் பரிந்துரை. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அந்த ஏற்றம் உடலை வாட்டிவிடும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியபடி வராமல், வளைவுக்கு முன் அழுத்தி, பின் விடுவித்தால் சக்கரவிளிம்பு சூடேறாது.

கேட்டவர்
மிக்க நன்றி. மே மாதத்தில் நான்கு நாட்களாக மாற்றிக்கொள்கிறேன்.