அல்ட்ரா 5-ல் இன்றைய பிஎஸ்டி: பூட் ஆகாமல் நெட்வொர்க்கிலேயே நிற்கிறது

புளியரை_வாசி (செங்கோட்டை)

சன் கம்பெனியின் பழைய கணினி அல்ட்ரா 5 ஒண்ணு கைக்கு வந்திருக்கு, அதில் இன்றைய பிஎஸ்டி (யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளம்) போடணும். 360 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராஸ்பார்க் 2ஐ பிராசசர், 256 எம்பி நினைவகம், ஐடிஇ டிஸ்க். சன் கீபோர்டு சொந்தமா கிடையாது, இரவலில் சொருகிப் பார்த்தேன். திரையில் ஐடிப்ராம் (மெஷினின் அடையாள எண்கள் இருக்கும் இடம்) செல்லாதுன்னு ஒரு வரி வருது, ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப்எஃப். டிஸ்க் பக்கமே போகாமல் "டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் ஆர்ப்/ரார்ப்"னு திரும்பத் திரும்ப ஓடுது. டிஸ்க் போயிடுச்சா?

ஆரியங்காவு தாண்டி கேரளப் பள்ளிக்கூடங்களில் ஓடுற கைட் குனு/லினக்ஸை இதில் போடலாமான்னும் ஒருத்தர் கேட்கிறார். எனக்கு வேண்டியது ஒரு சின்ன கிட் சர்வர் (நிரல்களின் மாற்றங்களைச் சேமிக்க), அதோடு சி நிரல்களைப் பிக்-எண்டியனில் (எண்ணின் பெரிய பைட் முதலில் வரும் முறை) சோதிக்க ஒரு இடம். சாரல் காலத்தில் இங்கே கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, அதையும் மனசில் வச்சுச் சொல்லுங்க.

வாளையார்_சீரியல்

டிஸ்க்கைக் குறை சொல்லாதீங்க, செத்தது என்விராம் சிப், அமைப்புகளை நினைவில் வைக்கிறது அதுதான். மதர்போர்டில் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் எம்48டி59. பேட்டரி அதுக்குள்ளேயே வார்த்து வச்சது. பேட்டரி தீர்ந்தா ஈதர்நெட் முகவரியோடு அமைப்புகளும் அழிஞ்சுடும். டயக்-ஸ்விட்ச் ட்ரூ ஆகி நின்னுட்டா மெஷின் டிஸ்க்கை விட்டுட்டு நெட்வொர்க்கில் பூட் தேடும். நீங்க பார்க்கிற டைம்அவுட் அதுதான்.

கீபோர்டு சொருகாமல் ஆன் பண்ணினா கன்சோல் தானாக சீரியல் போர்ட் ஏ-வுக்குப் போயிடும். அது 25 பின். நேர் கேபிள் ஆகாது, அனுப்புற, வாங்குற கம்பிகளை மாத்திப் போட்ட நல்-மோடம் கேபிள் வேணும். 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் அணைச்சது. ஓட்டத்தை நிறுத்த லேப்டாப்பில் மினிகாம்ங்கிற சீரியல் நிரலில் கன்ட்ரோல்-ஏ, பிறகு எஃப். பிரேக் போகும், ஓகே ப்ராம்ப்ட் (மெஷினின் ஓபன்பூட் ஃபர்ம்வேருக்குக் கட்டளை தட்டுற இடம்) வரும்.

அங்கே முதலில் ஆரம்ப அமைப்புக்குத் திருப்ப செட்-டிஃபால்ட்ஸ். அடுத்து செட்என்வி கொடுத்து டயக்-ஸ்விட்ச்? என்பதை ஃபால்ஸ் ஆக்குங்க. அந்தக் கேள்விக்குறியும் பெயரில் சேர்த்தி, விட்டுடாதீங்க. பிறகு ஐடிப்ராமை எம்கேபி கட்டளையால் பைட் பைட்டா எழுதணும். முதலில் மதிப்பு, பிறகு இடம், எல்லாமே ஹெக்ஸ்:

1 0 எம்கேபி
80 1 எம்கேபி
8 2 எம்கேபி
0 3 எம்கேபி
20 4 எம்கேபி
12 5 எம்கேபி
34 6 எம்கேபி
56 7 எம்கேபி

8 முதல் பி வரை நாலு இடத்திலும் 0. சி, டி, ஈ இடங்களில் அதே 12, 34, 56. கடைசியா எஃப் இடத்தில் செக்சம் (சரிபார்ப்பு எண்), ஏ9. 12, 34, 56-க்குப் பதிலா உங்க நெட்வொர்க்கில் வேறெதுவும் வச்சிருக்காத எந்த மூணு எண்ணும் போடலாம். செக்சம் என்பது முன்னாடி உள்ள 15 பைட்டுகளின் எக்ஸ்ஆர்; அந்த மூணும் ரெண்டு முறை வர்றதால் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், ஏ9 மாறாது. பேனர்னு தட்டிச் சரிபாருங்க.

இது ரீசெட்டைத் தாங்கும், கரண்ட் போனால் தாங்காது. உங்க ஊருக்குப் புது சிப் வாங்கியே ஆகணும். "புதுசு"ன்னு விக்கிறதில் தேதிக் குறியைப் பாருங்க, கிடங்கிலேயே பேட்டரி தீர்ந்த சரக்கு நிறைய வருது.

கொழிஞ்சாம்பாறை

கைட் குனு/லினக்ஸ் உபுண்டு வழி வந்தது, இன்டெல்/ஏஎம்டி பிராசசருக்குக் கட்டியது. ஸ்பார்க்கில் ஓடாது. டெபியன் 7-க்குப் பிறகு அதிகாரபூர்வ ஸ்பார்க் கிடையாது, ஃப்ரீபிஎஸ்டி 13-ல் ஸ்பார்க்64-ஐ எடுத்துட்டாங்க. உங்க வேலைக்கு ஏத்ததா மிஞ்சுறது ஓபன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும்.

ஓபன்பிஎஸ்டி இதில் நல்லாவே ஓடும். ஆனா பூட் ஆகும்போதெல்லாம் பாதுகாப்புக்காக லைப்ரரிகளைப் புது வரிசையில் லிங்க் பண்ணும், கர்னலையும் பின்னணியில் லிங்க் பண்ணும். 360 மெகாஹெர்ட்ஸில் அது பெரிய பாரம். லைப்ரரி வேலையை ஆர்சி.கான்ஃப்.லோக்கல் கோப்பில் லைப்ரரி_ஏஎஸ்எல்ஆர்=நோ போட்டு நிறுத்தலாம். அதைவிட, கரண்ட் பிரச்சினைன்னு நீங்களே சொல்றீங்க. அங்கே ஃபைல் சிஸ்டத்துக்கு ஜர்னல் (மாற்றங்களைக் குறிச்சு வைக்கிற பதிவு) இல்லை, கரண்ட் போய் வந்தா முழு எஃப்எஸ்சிகே, அதாவது டிஸ்க் பூரா சோதனை. நெட்பிஎஸ்டியில் எஃப்எஸ்டேப் கோப்பில் "லாக்"னு சேர்த்தாலே ஜர்னல் கிடைக்கும், சில நொடியில் எழும்பிடும். அதனால் நெட்பிஎஸ்டி 10 போடுங்க.

சிடியைக் குறைஞ்ச வேகத்தில் எழுதுங்க, பழைய டிரைவ் ஆர்டபிள்யூ (திரும்பத் திரும்ப எழுதுற) தட்டைப் படிக்கத் திணறும். ஓகே ப்ராம்ப்டில் பூட் சிடிராம். ரூட் பார்ட்டிஷன் டிஸ்க்கின் தொடக்கத்தில் சின்னதா இருக்கட்டும். டிஸ்க் மாத்தினா 120 ஜிபிக்கு மேல் போகாதீங்க, ஓபன்பூட் 28 பிட் முகவரியோடு நின்னுடும். டிஸ்க்குக்குப் பதிலா சிஎஃப் மெமரி கார்டு வைக்கிறவங்க கவனிக்க: மலிவு அடாப்டர்களில் டிஎம்ஏ (பிராசசர் இல்லாமல் நேரடியாத் தரவு மாத்துற) கம்பிகளே இணைச்சிருக்காது. நிறுவும்போது டிஎம்ஏ பிழை கொட்டுதுன்னா கார்டை மாத்துறதுக்கு முன்னாடி அடாப்டரை மாத்துங்க.

புளியரை_வாசி

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஏ9 போட்டதும் பேனரில் முகவரி வந்துட்டுது. நினைவகத்தைக் கூட்ட சாதாரண பிசியின் எஸ்டிராம் போடலாமா? கர்னலை இதிலேயே கம்பைல் பண்ணணுமா?

கொழிஞ்சாம்பாறை

எஸ்டிராம் ஆகாது. 168 பின் இடிஓ வகை, பிழை திருத்தும் ஈசிசி நினைவகம் வேணும், ஜோடி ஜோடியா. இந்தப் பெட்டியில் 512 எம்பிதான் எல்லை. போடும்போது தொடுமுனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைச்சுடுங்க, சாரல் ஈரத்தில் பச்சை பூத்திருக்கும்.

கர்னலை இதில் கட்டாதீங்க. உங்க லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தாலே போதும், நெட்பிஎஸ்டி மூலத்தில் பில்ட்.எஸ்ஹெச்-க்கு -எம் ஸ்பார்க்64 கொடுத்தா கருவிகளிலிருந்து முழு ரிலீஸ் வரை அங்கேயே கட்டிக் கொடுத்துடும். பிகேஜிஎஸ்ஆர்சி (நெட்பிஎஸ்டியின் கூடுதல் மென்பொருள் தொகுப்பு) பொதிகள் அப்படி வராது, கிட்டை மட்டும் ராத்திரி பூரா ஓடவிட்டு மெஷினிலேயே கட்டுங்க. அதுக்கு முன்னாடி யுபிஎஸ்ஸில் மாட்டிடுங்க.