அக்டோபர் 2 விடுமுறை: சென்னையில் சனிக்கிழமை நண்பகலுக்கு ஓர் இடம் வேண்டும்

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விடுமுறை. வீடு பெரம்பூர், கார் கிடையாது. 4 வயது, 11 வயது என இரண்டு பிள்ளைகள். கூடவே அம்மா, வயது 71, முழங்கால் வலி, மடக்கு சக்கர நாற்காலிதான்.

எழும்பூர் அருங்காட்சியகத்தைத்தான் முதலில் நினைத்தோம். அதற்கு வெள்ளி வார விடுமுறை, தேசிய விடுமுறையும் அன்றே. வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். பேட்டரி வண்டி கிடைக்காவிட்டால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதிகூடப் பார்க்க முடியாது, விடுமுறைக் கூட்டத்தில் அதை நம்பிப் போகவும் மனமில்லை. முட்டுக்காடு தட்சிணசித்ரா பாரம்பரிய அருங்காட்சியகம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை (இசிஆர்) நெரிசலில் திரும்பி வருவதற்குள் சின்னவன் துவண்டுவிடுவான்.

முடிவானவை: வெள்ளி மாலை மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022இல் போட்ட மரப்பாதையில் நாற்காலியோடே அலை பக்கம் வரை போகலாம், அம்மாவுக்காகவே இது. சனி காலை கிண்டி சிறுவர் பூங்கா, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். ஞாயிறு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். குழந்தைகள் பிரிவில் இருவருக்கும் புத்தகம் உண்டு.

இடிப்பது சனி 12 முதல் 4 மணி வரை. மால் வேண்டாம், சத்தம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. தலைக்கு 200 ரூபாய் வரை நுழைவுக் கட்டணம் பரவாயில்லை.

கிண்டியிலிருந்து ஆட்டோவில் அரை மணிக்குள், கூரைக்குக் கீழே, சாய்தளமும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் உள்ள, இரண்டு பிள்ளைகளுக்கும் பிடிக்கும் இடம் எது?