'ஓராத்தியோ', 'ப்ரெக்கேஸ்': லத்தீன் தெரிந்தவர்கள் விளக்க முடியுமா?

வணக்கம் நண்பர்களே. லத்தீன் படித்து வருகிறேன். ஜெபத்தைக் குறிக்கும் 'ஓராத்தியோ'வில் ஒரு சந்தேகம்.

கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியப் பேச்சாளர் சிசரோவிடம் இதற்குப் பேச்சு, மேடையுரை, உரைநடை என்றுதான் பொருள் பார்க்கிறேன். தெய்வத்திடம் வேண்டுவதற்கு அக்காலத்தார் 'ப்ரெக்கேஸ்' என்பார்கள், பெரும்பாலும் பன்மையில். ஆனால் கி.பி. 200ஐ ஒட்டி கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஜெபம் பற்றி எழுதிய நூலின் பெயரே 'தே ஓராத்தியோனே'. இயேசு கற்பித்த ஜெபமும் 'ஓராத்தியோ தொமினிக்கா' ஆகிவிட்டது. 'ஓராரே' என்ற வினைக்கு மன்றாடுதல் என்ற பொருள் கிறிஸ்துவுக்கு முந்தைய ரோமானியக் கவிஞர் விர்ஜிலிடமே இருக்கிறது. அப்படியானால் பெயர்ச்சொல்லுக்கும் அந்தப் பொருள் கிறிஸ்தவர்களுக்கு முன்பே இருந்ததா? மேற்கோளோடு சொன்னால் பெரிய உதவி.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். வுல்காத்தா என்ற லத்தீன் வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 2:1இல் 'ஒப்செக்ராத்தியோனேஸ், ஓராத்தியோனேஸ், போஸ்துலாத்தியோனேஸ்' என்று மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ் வேதாகமம் விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல் என்கிறது. லத்தீன் வாசகருக்கு இவை உண்மையிலேயே மூன்று வகை ஜெபங்களாகப் பட்டனவா, அல்லது கிரேக்க மூலத்தில் மூன்று சொற்கள் இருந்ததால் இங்கும் மூன்று வந்தனவா?

குருமடத்தில் லத்தீன் படித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள். அகராதிப் பொருள் கையில் இருக்கிறது. வாக்கியத்தில் எப்படி வரும் என்ற எடுத்துக்காட்டுகள்தான் வேண்டும்.