'விளக்குரை' என்னும் சொல்லை முன்வைத்து

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

ஒரு பொருளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, வரிசைப்படுத்தி, கற்பனை கலவாமல் எழுதும் பயிற்சியை ஆங்கிலவழிப் பள்ளிகளில் 'இன்ஃபர்மேஷனல் ரைட்டிங்' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நம் குழுவில் நடந்துவரும் இவ்வுரையாடலில் 'தகவல் எழுத்து', 'மெய்யுரை', 'அறியுரை' ஆகிய மூன்று சொற்கள் பரிந்துரைகளாக வந்துள்ளன. அகத்தீசுவரம் வட்டத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில், வகுப்பறையில் இவை எப்படி ஒலித்தன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

'தகவல் எழுத்து' என்று கரும்பலகையில் எழுதியதுமே, "உயிரெழுத்தா டீச்சர், மெய்யெழுத்தா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அவன் கேட்டது சரியே. அந்த வயதில் எழுத்து என்றால் அ, ஆ, க், ங் தான். 'அறியுரை'யைப் பிள்ளைகள் அனைவரும் 'அறிவுரை' என்றே வாசித்தார்கள். அதை அத்துடன் விட்டுவிடலாம்.

'மெய்யுரை'யில்தான் எனக்கு உண்மையான வருத்தம் நேர்ந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து ஒரு தாளில் பொதிந்து கொண்டுவந்த மணலை மேசைமீது பரப்பி, அதைப் பற்றி இரண்டு பத்திகள் எழுதச் சொல்லியிருந்தேன். முதல் பத்தி தொன்மம்: சுசீந்திரத்திலிருந்து மணமகனாகப் புறப்பட்ட இறைவன், நாரதர் சேவலாகக் கூவியதால் விடிந்துவிட்டதென்று எண்ணித் திரும்பிவிட, திருமணம் நின்று, சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாயின என்ற கதை. இரண்டாவது பத்தியில், சிவப்பு மணிகள் கார்னெட் என்பதையும், கருமணல் இல்மனைட் என்பதையும், மணவாளக்குறிச்சியில் இக்கனிமங்களைப் பிரித்தெடுக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவதற்கு 'மெய்யுரை' என்று தலைப்பிட்டதும், "அப்போ ஆச்சி சொன்னது பொய்யா டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். தொன்மத்தையும் செய்தியையும் வேறுபடுத்திக் காட்டுவது நம் கடமை. ஆனால் ஒன்றைப் பொய் என்று பெயராலேயே தள்ளிவிடும் சொல்லை நாம் ஆக்கக் கூடாது.

ஆகவே 'விளக்குரை' என்னும் சொல்லை முன்வைக்கிறேன். வேர்ச்சொல் பயிற்சியில் பிள்ளைகள் தாமே பிரித்துப் பார்க்கக்கூடிய சொல்லாக அது இருக்க வேண்டும் என்பதே என் முதல் அளவுகோல். 'தொல்' என்ற வேரிலிருந்து தொன்மை, தொல்லியல், தொன்மம் என்று அவர்கள் அடுக்கிவிட்டார்கள். அதுபோலவே, அடங்கு என்பது அடக்கு என்றும் திருந்து என்பது திருத்து என்றும் ஆவதைக் கண்டவர்கள், விளங்கு என்பது விளக்கு என்று ஆவதைத் தாமே கண்டுகொள்வார்கள். வீட்டில் ஏற்றும் விளக்கும் அதே வேரில் பிறந்தது என்று சொன்னபோது அவர்கள் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை நான் மறக்கமாட்டேன். 'உரை' பேச்சை மட்டுமே குறிக்கும் என்ற ஐயமும் வேண்டியதில்லை. கட்டுரைக்கு முன்னுரையும் முடிவுரையும் எழுதிப் பழகியவர்கள் அவர்கள்.

 

'விளக்கவுரை'யோடு குழம்பாதா என்ற மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. நூலுக்கு எழுதுவது விளக்கவுரை, பொருளுக்கு எழுதுவது விளக்குரை என்று வரையறுத்தால் போதும் எனக் கருதுகிறேன். முன்னது 'விளக்கம்' என்ற பெயரின் அடியாகவும் பின்னது வினைத்தொகையாகவும் அமைவதால் இலக்கணத்திலும் இரண்டும் வேறுபட்டே நிற்கின்றன. படம் வரைந்து பாகங்களுக்குப் பெயர் எழுதுவதையும் இச்சொல்லுக்குள் அடக்கலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. அடுத்த பயிற்சித்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் அதுபற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.